பாயின்ட் ஏறாத அறை

ஜனவரி 6
நீலப்போர்டு, சந்தைத் தெருக் கிளை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இடது முட்டி மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. மற்றபடி உடம்பு சொன்னபடி கேட்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? முதுகுக்கு நான் வாங்கி அனுப்பிய பெல்ட்டைப் போடுகிறாயா, இல்லை அலமாரிக்குப் போட்டுவிட்டாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "சரிக்கா", "ஆமாக்கா", "வச்சிடட்டுமாக்கா" என்பதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. தவிர, இந்த அறை மேசை இழுப்பறையில் நாலு தாளும் ஓர் உறையும் வைத்திருக்கிறார்கள். வாடகையில் அதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். எழுதாமல் விட்டால் நஷ்டம் எனக்கு.

வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் வாய்தவறி "லாட்ஜ்" என்று சொல்லிவிட்டேன். "ஹோட்டல்ங்க மேடம்" என்று திருத்தினாள். நீலப்போர்டு ஒரே ஒரு கட்டடமாக இருந்த நாளிலிருந்து தங்குகிறவளுக்கு இவள் பாடம் எடுக்கிறாள். ஞாபகம் இருக்கிறதா அந்த முதல் கட்டடம்? தையல்காரர்களுக்குச் சரக்கு விற்க ஊர் ஊராகப் போன நாளில் நமக்கு அதுதான் தலைமை அலுவலகம். நீ பட்டன் பெட்டி, நான் ஜிப், கொக்கி, லைனிங் துணிப் பெட்டி. ஒரே அறை, ஒரே கட்டில். ஒரு ராத்திரி நீ கட்டில், நான் தரை; மறுநாள் நான் கட்டில், நீ தரை. கட்டில் உன் முறை வரும் நாளில் மட்டும் உனக்குக் காய்ச்சல் வரும், சூட்டுக்குத் தரைதான் இதம் என்று அக்காவைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டுத் தரையில் உருளுவாய். மறுநாள் காலையில் காய்ச்சல் காணாமல் போயிருக்கும். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீலப்போர்டில் நம் குடும்ப மெம்பர் கார்டில், தங்கிய இரவுக்கு இவ்வளவு என்று இத்தனை வருஷமாகச் சேர்த்த பாயின்ட் எல்லாம் ஜூன் கடைசியோடு செத்துவிடுமாம். கார்டை உயிரோடு வைக்க ஒரு வருஷத்துக்குள் இத்தனை இரவு தங்க வேண்டும் என்று புதுச் சட்டம். நான் பாதிகூடத் தாண்டவில்லை. தையல்காரர்கள் எல்லாம் போனிலேயே பட்டன் வாங்கிக்கொள்கிறார்கள், என்னை யார் ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள்? ஆகவே நீ எந்தக் கிளையில் தங்கினாலும் நம்ம கார்டு நம்பரைச் சொல். புரோக்கர் வழியாக, ஆப் வழியாகப் போடாதே, விலை குறைவாகக் காட்டுவான், பாயின்ட் ஏறாது. நேரே கிளைக்குப் பேசிப் போடு.

மார்ச்சில் நம் முதல் கட்டடத்தில் சந்திப்போமா? போன வருஷமும் தவறிவிட்டது. உன் வீட்டுக்காரியையும் கூட்டி வா. அவளுக்கு அந்த இடத்தின் மேல் உள்ள கோபம் எனக்குத் தெரியும். கோபத்தோடே வரட்டும், இரண்டு பேர் அறைக்கும் மூன்று பேர் அறைக்கும் அங்கே பெரிய வித்தியாசம் இல்லை.

பதில் எழுது. தாள் வாங்கக் காசில்லை என்று சொல்லாதே, உறைக்குள் ஒரு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

நீ அனுப்பிய தாளில்தான் எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. பெல்ட் அலமாரியில்தான் இருக்கிறது. அலமாரி நிமிர்ந்துதான் நிற்கிறது. நீ முட்டியைப் பார்த்துக்கொள். லிஃப்ட் இல்லாத கிளையில் கீழ்த்தளம் கேட்டு வாங்கு. உன் தம்பி லிஃப்ட் மெக்கானிக், நீ படியேறி முட்டியைக் கெடுத்துக்கொண்டால் என் பிழைப்புக்குத்தான் அவமானம்.

இவளுக்குக் கொஞ்சம் அசதி. டாக்டரிடம் காட்டினோம்.

மார்ச்சில் வர முடியும் என்று தோன்றவில்லை. வெளியூரில் ஒரு வேலை, அடிக்கடி போய்வர வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு லிஃப்ட் பார்த்தேன் அக்கா. ஆள் படுத்த கட்டிலே உள்ளே போகும், அவ்வளவு அகலம். கிளம்புவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. எந்தக் கைகாரன் பொருத்தினானோ. நானாக இருந்தால்கூட அப்படி வந்திருக்காது.

காய்ச்சல் விஷயம் உனக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி


பிப்ரவரி 20
நீலப்போர்டு, ஆலைச் சாலைக் கிளை

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன், சுகத்துக்கும் மேலே இருக்கிறேன். இரு, சொல்கிறேன். முதலில் உன் வீட்டுக்காரியின் அசதி தீர்ந்ததா என்று எழுது. இரும்புச் சத்துக் குறைவாக இருக்கும். அவள் எப்போதும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியைச் சுரண்டுகிறவள். சத்து மாத்திரை வாங்கிக் கொடு, பெரிய டப்பாவாக வாங்கு, சின்ன டப்பா விலை கட்டுப்படியாகாது.

இப்போது கேள். இங்கே வந்து நம்பரைச் சொன்னேன். பெண் திரையைப் பார்த்தாள், எழுந்து நின்றாள்! "மேடம், நீங்க சில்வர் ஆயிட்டீங்க. இனி காலை டிபன் ஃப்ரீ. ரூமும் பெரிய ரூமா மாத்திட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எப்போது அத்தனை இரவு தங்கினேன்? கம்பெனிக்காரன் எங்கேயோ கணக்கைக் குழப்பியிருக்கிறான், அல்லது பழைய ஆட்களுக்கு ஏதோ ஆஃபர். கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் என்ன ஆகும்? "சாரி மேடம், தப்பா ஏறிடுச்சு" என்று பிடுங்கிக்கொள்வார்கள். லாபத்தில் வரும் தப்பை விசாரிக்கிறவன் வியாபாரி இல்லை. சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டேன்.

பெரிய அறையில் சோபா இருக்கிறது, தண்ணீர் கொதிக்கவைக்கும் ஜாடி இருக்கிறது. கட்டில் எவ்வளவு அகலம் தெரியுமா, நீயும் நானும் இரண்டு பெட்டியும் படுக்கலாம். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிறகு ஏனோ பழக்கதோஷத்தில் ஓர் ஓரமாகவே படுத்தேன். காலையில் டிபன் மூன்று தட்டு சாப்பிட்டேன். இரண்டு தட்டோடு நிறுத்தியிருக்கலாம்.

இப்படியே போனால் கார்டு ஜூனைத் தாண்டிவிடும். தாண்டினால் கடலோரக் கிளையில் நாம் மூன்று பேரும் பத்து நாள். அதற்குத்தான் நான் இத்தனை வருஷம் பாயின்ட்டைத் தொடாமல் அடைகாத்தேன். வாடகை ஏறும் சீசனில் பாயின்ட்டைக் கொடுத்துத் தங்க வேண்டும், இறங்கும் நாளில் காசைக் கொடுத்துத் தங்க வேண்டும். அவசரக்காரன்தான் வாடகை மலிவான ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குப் பாயின்ட்டைச் செலவழிப்பான்.

மார்ச் இல்லையென்றால் ஏப்ரல் சொல்.

உன் அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சில்வர் ஆனதில் எனக்கும் சந்தோஷம். மூன்று தட்டு சாப்பிட்டாய் என்று இவளிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

ஏப்ரலும் முடியாது அக்கா. கோபப்படாதே.

ஒன்று கேட்கிறேன். முதல் கட்டடத்தில் சின்னதாக ஒரு சோப்பு கொடுப்பார்களே, உறையில் நீலப் பறவை போட்டிருக்கும். அது என்ன வாசனை? இரண்டு நாளாக யோசிக்கிறேன், மூக்கு நுனிவரை வருகிறது, பிடிபடவில்லை. எழுது.

தம்பி


ஏப்ரல் 5
வீடு

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன்.

பிப்ரவரியில் எழுதினேன், மார்ச் கடைசியில் பதில். அதிலும் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் சோப்பு. உன் வீட்டுக்காரியின் அசதி என்ன ஆயிற்று என்று கேட்டேனே, அதற்கு ஒரு வரி இல்லை. "ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்" என்று எழுதியிருக்கிறாய். ஏன், வீட்டில் சண்டையா? சண்டை என்றால் சொல், நான் வந்து அவள் பக்கம் பேசுகிறேன்.

அது எலுமிச்சையும் இல்லை, ரோஜாவும் இல்லை. புதுத் துணிக்கட்டைப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, அதில் கொஞ்சம் கற்பூரம் கலந்த மாதிரி. போதுமா? நாம் அதைத் தேய்த்ததே இல்லை. உறையோடு பெட்டியில் போட்டுக்கொண்டு வருவோம். பட்டன் எல்லாம் அந்த வாசனை அடிக்கும். தையல்காரர்கள், "அக்கா சரக்கு கண்ணை மூடிட்டே கண்டுபிடிச்சிரலாம்" என்பார்கள்.

உன் வீட்டுக்காரி எதற்காக வர மறுக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பழைய கதைதானே. அப்போது அட்டைக் கார்டு. தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் மேனேஜர் பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு கருவியால் ஓட்டை போடுவார். பத்து ஓட்டை விழுந்தால் பதினோராவது இரவு இலவசம். நீங்கள் இரண்டு பேரும் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்ட அன்று அட்டை நிறைந்திருந்தது. நேரே நம் முதல் கட்டடத்துக்கு வந்து, நான் ஜம்பமாக அதை மேனேஜர் மேசையில் வைத்தேன். கல்யாணப் பரிசு! அந்த மனுஷன் புதுப்பெண் முன்னாலேயே, "ஓசி ரூமா? அப்ப தண்ணித்தொட்டி பக்கத்து ரூம்தான்" என்று கத்தினார். நான் என்ன செய்வேன்? நாம் தரையில் படுத்துச் சேர்த்த பத்து இரவு அது. என்னிடம் அதைவிட விலை கூடிய பொருள் வேறு எதுவும் இல்லை. அது தப்பு என்று நான் இப்பவும் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவளிடம் சொல்.

மே முதல் வாரம் நானே அறை போடப்போகிறேன். வராவிட்டால் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன், பட்டன் பெட்டியோடு.

அக்கா


ஏப்ரல் 22
நீலப்போர்டு, சந்தைத் தெருக் கிளை

தம்பி,

என் உடம்பை விடு. அவள் எப்படி இருக்கிறாள்?

மே முதல் வாரத்துக்கு அறை போட வரவேற்பில் நின்றேன். அந்த "ஹோட்டல்ங்க மேடம்" பெண். நம்பரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"மேடம், கங்கிராட்ஸ், கோல்ட் ஆயிட்டீங்க! ஆனா அந்தத் தேதியில உங்க நம்பர்ல ஏற்கெனவே ஒரு ரூம் இருக்கே."

"எங்கேம்மா?"

"மருத்துவமனைச் சாலைக் கிளை. திங்கக்கிழமை வந்து வெள்ளிக்கிழமை காலையில கிளம்புற மாதிரி. பிப்ரவரியில இருந்து அங்கதானே அதிகம் தங்குறீங்க? இப்ப ஒரு மாசமா வாராவாரம். நாங்ககூட பேசிக்குவோம், இந்த வயசுலயும் மேடம் எப்படி ஓடி ஓடி யாவாரம் பண்றாங்கன்னு."

"அந்தக் கிளைக்குப் பக்கத்துல என்னம்மா இருக்கு?"

"எதிர்லயே புற்றுநோய் ஆஸ்பத்திரி மேடம். வேற ஒண்ணும் கிடையாது."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். "மேடம், தங்குறது நீங்க இல்லையா? அப்ப இந்தப் பாயின்ட்?" என்றாள். "என் தம்பிம்மா" என்றேன். "அப்ப சரி மேடம், குடும்பக் கார்டுதானே" என்று சமாதானம் சொன்னாள், பாயின்ட் போய்விடுமோ என்று நான் கலங்குவதாக நினைத்து.

கட்டில் போகும் லிஃப்ட் என்று எழுதினாயே. எந்த வீட்டில் கட்டில் போகும் லிஃப்ட் வைப்பார்கள்? நான் வியாபாரியா, கழுதையா? மூன்று தட்டு டிபன் சாப்பிட்டேனேடா. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேனே. ஒரு வார்த்தை, அந்தப் பெண்ணிடம் "எந்தக் கிளைம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிப்ரவரியிலேயே தெரிந்திருக்கும். கேட்டால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

நேரே கிளம்பி வரத்தான் பையைத் தூக்கினேன். பிறகு வைத்துவிட்டேன். நீங்கள் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் வாசலில் வந்து நின்றால் அது எனக்குத்தான் ஆறுதல், அவளுக்கு இல்லை. எழுது. இந்தத் தடவை அரைப் பக்கம் எழுதினால் உன்னை விடமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 28
மருத்துவமனைச் சாலைக் கிளை

அக்கா,

முதல்முறையாக நானும் இழுப்பறைத் தாளில் எழுதுகிறேன். இங்கேயும் நாலு தாள்தான்.

மார்பில் கட்டி. ஜனவரியில் தெரிந்தது. பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். பிறகு வாராவாரம் மருந்து ஏற்றினார்கள், இப்போது கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்துக்காக ஊரிலிருந்து தினமும் வந்து போக அவளால் முடியாது. வெள்ளிக்கிழமை காலை முடித்துக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போகிறோம். டாக்டர் நம்பிக்கையாகப் பேசுகிறார். கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு நம்பிக்கை, தூக்கிக் கொண்டாடும் அளவுக்கு இல்லை.

சொல்ல வேண்டாம் என்றது அவள்தான். "உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா யாவாரத்தை விட்டுட்டு வந்துருவாங்க. அப்புறம் டாக்டர்கிட்டயே தள்ளுபடி கேப்பாங்க. எனக்கு வர்ற சிரிப்புல தையல் பிரிஞ்சிரும்" என்றாள். சிரிப்பாகச் சொன்னாள். ஆனால் விஷயம் அதில்லை. முடி போன பிறகு யாரும் பார்க்கக் கூடாது என்று இருந்தாள். முக்கியமாக நீ. உனக்கு அவளுடைய ஜடைதான் பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லுவாயே.

நம்பரை எதற்குச் சொன்னாய், மறைக்கத் தெரியாதா என்று கேட்பாய். முதல் நாள் வரவேற்பில் "மெம்பரா சார்?" என்று கேட்டார்கள். கையில் ரிப்போர்ட் பை, தோளில் இவள் சாய்ந்திருந்தாள். என்ன கேட்கிறார்கள் என்றே காதில் விழவில்லை, வாய் தானாக நம்பரைச் சொல்லிவிட்டது. நீ மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த நம்பர்.

அடுத்த தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

தம்பி


மே 3
வீடு

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். திரும்பப் படிக்கவில்லை, படிக்கத் தெம்பில்லை.

காரியத்தைச் சொல்கிறேன். கம்பெனிக்குப் பேசிவிட்டேன். நம் கார்டில் இருக்கும் பாயின்ட் மொத்தத்தையும் மருத்துவமனைச் சாலைக் கிளைக்குத் திருப்பிவிட்டேன். இனி உங்களுக்கு அங்கே வாடகை கிடையாது, சிகிச்சை முடியும் வரை தாங்கும். கடல் எங்கேயும் போய்விடாது. "சீசன் இல்லாதப்ப பாயின்ட்டைச் செலவு பண்றீங்களே மேடம், நஷ்டம்ல?" என்று கம்பெனிக்காரன் எனக்கே புத்தி சொன்னான். "எனக்கு இதுதான்ப்பா சீசன்" என்றேன்.

இப்போது கவனி. கோல்ட் கார்டுக்கு என்னென்ன உண்டு என்று அவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை பகல் வரை அறையை வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் கொஞ்சம் படுத்துவிட்டுக் கிளம்பட்டும். கூடுதல் தலையணை கேள், இரண்டு கொடுப்பார்கள், மூன்று கேள். ரோட்டைப் பார்த்த அறை வேண்டாம், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். உள்பக்கம் கேள். லிஃப்ட் பக்கத்து அறை வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்வேன், உனக்குச் சொல்லவில்லை. உனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும்.

நான் வரவில்லை. வரலாமா என்று அவளைக் கேட்டுச் சொல். அவள் "வேண்டாம்" என்றால் அதை அப்படியே எழுது, பூசி மெழுகாதே. ஜடையைப் பற்றி நான் சொன்னது வாஸ்தவம். ஜடைக்குக் கீழே ஒரு தலையும் இருக்கிறது, அதையும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்.

அக்கா


மே 17
மருத்துவமனைச் சாலைக் கிளை

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி வீட்டுக்காரி எழுதுகிறேன். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? என்னைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். நாக்குக்கு ருசி திரும்பவில்லை, கை தோளுக்கு மேல் தூக்க வரவில்லை, சண்டை போடும் அளவுக்குத் தெம்பு இருக்கிறது.

ஆகவே சண்டையை முதலில் முடிக்கிறேன். கல்யாணத்தன்று என்னை ஓசி அறையில் தங்கவைத்தீர்கள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த்தொட்டி. மோட்டார் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். தொட்டி நிரம்பி வழிந்து சுவரெல்லாம் சொட்டியது. உங்கள் தம்பி எழுந்துபோய் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று ஸ்க்ரூடிரைவர் தேடினார். மாப்பிள்ளை சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது, அண்ணி. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். இதை நான் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உங்களைத் திட்டுவதற்கு என்னிடம் வேறு விஷயம் இருந்திருக்காது.

இங்கே கரண்ட் வைக்கும்போது அறையில் என்னைத் தனியாகப் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அசையக் கூடாது. மிஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அச்சு அசலாக அந்த மோட்டார் சத்தம். முதல் நாள் பயத்தில் கண்ணை மூடினேன், தொட்டி வழிகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. தினமும் அந்த அறைக்குப் போய்விட்டு வருகிறேன்.

நீங்கள் பாயின்ட் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டீர்கள் என்று இவர் சொன்னார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லமாட்டேன், உங்களுக்கு அது பிடிக்காது. மூன்றாவது தலையணையும் வாங்கிவிட்டேன்.

இங்கே வர வேண்டாம் அண்ணி. இந்த அறையில் உங்களைப் பார்த்தால் நான் நோயாளி ஆகிவிடுவேன். ஜூனில் சிகிச்சை முடிகிறது. முடிந்த மறுவாரம் நம் பழைய கட்டடத்துக்கு வருகிறேன். அதே தொட்டிப் பக்கத்து அறை போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. இந்தத் தடவை முழுக் காசு கொடுத்துப் போட வேண்டும். தள்ளுபடி, ஆஃபர், பாயின்ட் எதுவும் கூடாது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது என்னை நீங்கள் நஷ்டத்துக்கு வாங்கிப் பார்க்க வேண்டும்.

தலையில் துணி கட்டியிருப்பேன். நல்ல நீலம். எப்போதோ ரவிக்கைக்கு என்று நீங்கள் அனுப்பிய லைனிங் துணிதான்.

உங்கள் தம்பி வீட்டுக்காரி


ஜூன் 19
நீலப்போர்டு, முதல் கட்டடம்

அன்புள்ள அம்மணிக்கு,

நான் நலம். நீங்கள் இரண்டு பேரும் வந்துகொண்டிருக்கிறீர்கள், ரயில் சரியாகத்தான் வருகிறதாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் அறை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே போய் உட்காரப்போகிறேன். வாசலில் உன்னைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வராது என்று தெரியும், அதனால் பேச வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

நேற்றே வந்துவிட்டேன். ஆறு அறைக் கட்டடம் இப்போது ஆறு மாடி. பழைய பகுதி மட்டும் பின்னால் அப்படியே இருக்கிறது. வரவேற்பில் ஒரு பையன். என்னைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான். என் படத்தை எல்லாக் கிளைக்கும் அனுப்பியிருப்பார்கள் போல.

"வாங்க மேடம், கோல்ட் மெம்பர்! மேல் மாடியில பெரிய ரூம் உங்களுக்கு ஃப்ரீயா மாத்திட்டேன்."

"எனக்குப் பின்பக்கம் தொட்டிப் பக்கத்து ரூம் வேணும்ப்பா."

"அய்யோ மேடம், அதை மெம்பர் யாருக்கும் தர்றதில்லை. மோட்டார் சத்தம். கம்ப்ளெயின்ட் வரும்."

"அந்தச் சத்தத்துக்குத்தான்ப்பா வந்திருக்கேன். வாடகை எவ்வளவு?"

"உங்களுக்குப் பாதிதான் மேடம்."

"முழுசா எவ்வளவு?"

அவன் மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் வந்து, நான் ஏதோ புகார் செய்யப்போகிறேன் என்று பயந்து, இலவச டிபனும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளி, முழு வாடகையையும் மேசையில் வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வாங்குவதற்கு நான் பேரம் பேசியிருக்கிறேன். கொடுப்பதற்குப் பேரம் பேசியது இதுதான் முதல் தடவை. கடைசியில் அந்தப் பையன் விடவில்லை. "நம்பராவது சொல்லுங்க மேடம், பாயின்ட்டாச்சும் ஏறட்டும்" என்றான். நம்பர் நாக்கு நுனியில் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். "நம்பர் இல்லைப்பா" என்றேன்.

அறைக்கு வந்து பார்த்தேன். தொட்டி பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. மோட்டார் அதே சத்தம்தான், ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் அறை இதற்கு அடுத்தது, நீ சிரித்தால் சுவரைத் தட்டுவேன். உன் வீட்டுக்காரருடைய சட்டைப் பையைச் சோதித்துவிட்டு உள்ளே விடு.

உனக்கு அடுத்த பரிசோதனை செப்டம்பரில் என்று தம்பி எழுதியிருந்தான். நானும் வருகிறேன். டாக்டரிடம் வாயைத் திறக்கமாட்டேன்.

சோப்பு உறையில் இப்போது பறவை இல்லை, வெறும் நீலம். வாசனையும் வேறு. பரவாயில்லை. அறைக்கு இரண்டு வைத்திருக்கிறார்கள், போகும்போது விட்டுவிட்டு வந்துவிடாதே, இரண்டையும் எடுத்துப் பைக்குள் போடு. முழுக் காசு கொடுத்திருக்கிறேன்.

அண்ணி